வலி போனால் கல் போயிற்றா?

(வானொலியில் கிராம நேயர்களுக்காக ஒலிபரப்பான பேச்சு. பேசியவர் திருநாவலூர் வட்டாரத்து விவசாயி ஒருவர்.)



இந்த நேரத்தில் வழக்கமாக விதை நேர்த்தி, உரம், பூச்சி மருந்து, மாட்டுத் தீவனம் என்றுதான் பேசுவார்கள். நானும் விவசாயிதான். கள்ளக்குறிச்சி மாவட்டம் திருநாவலூருக்குப் பக்கத்தில், கெடிலம் ஆற்றுக்கு அருகே மூன்று ஏக்கர் நிலம். ஒரு ஏக்கரில் கரும்பு, மிச்சத்தில் நெல்லும் மல்லாட்டையும். ஆனால் இன்றைக்கு நான் பயிரைப் பற்றிப் பேச வரவில்லை. பயிர் செய்கிறவன் உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கல்லடைப்பு என்று நாம் சொல்கிறோமே, சிறுநீரகக் கல், அதோடு நான் மூன்று வருஷம் காலம் தள்ளினேன். அதில் ஒரு பெரிய தப்பும் செய்தேன். அந்தத் தப்பை நீங்கள் யாரும் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதல் ராத்திரி

அது பங்குனி மாதம். பெரியசெவலை ஆலைக்குக் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. காலை ஆறு மணிக்குக் கொல்லையில் இறங்கினால் பொழுது சாய்கிற வரைக்கும் வெயில்தான். நடுவில் ரெண்டு டீ, ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான். நீர் பிரிந்தால் மஞ்சளாக, எரிச்சலோடு பிரியும். "சூட்டு உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும். இடது பக்கம், விலாவுக்குக் கீழே முதுகில், ஈட்டியால் குத்தினாற்போல ஒரு வலி. அங்கிருந்து அடிவயிற்றுக்கு இறங்கி, தொடை இடுக்கு வரைக்கும் இழுத்தது. படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. எழுந்து நடந்தேன், குனிந்தேன், தரையில் புரண்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் வலி விடவில்லை. வேர்த்துக் கொட்டியது. ரெண்டு தடவை வாந்தி. என் வீட்டுக்காரி ஓமத் தண்ணி வைத்துக் கொடுத்து, "வாயுப் பிடிப்பா இருக்குங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள். மூன்று பிள்ளை பெற்றவள் அவள். மறுநாள் அவளே சொன்னாள்: "எனக்குப் பிரசவ வலி வந்தப்பகூட நான் இப்படிப் புரளலைங்க."

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குடல் அழற்சி மாதிரி வயிற்றுக்குள் புண்ணாகி வருகிற வலியில் மனுஷன் அசையாமல் சுருண்டு கிடப்பான். அசைந்தால் வலி கூடும். கல் வலியில் ஒரு இடத்தில் இருக்கவே முடியாது, புரண்டுகொண்டே இருப்பான். எல்லாருக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது; எந்த வலி என்று முடிவு சொல்ல வேண்டியது டாக்டர்தான். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு இது ஒரு அடையாளம்.

விடிந்ததும் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊசி போட்டார். அரைமணி நேரத்தில் வலி மாயமாக மறைந்துவிட்டது. "கல்லா இருக்கும்னு தோணுது, ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். வலிதான் போய்விட்டதே, இனி ஸ்கேன் எதற்கு? கரும்பு வெட்டு பாதியில் நிற்கிறது, ஆள் கூலி ஏறுகிறது. சீட்டு சட்டையோடு சேர்ந்து துவைத்துப் போயிற்று.

மாத்திரையோடு ஒரு வருஷம்

அதற்குப் பிறகு ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த வலி வரும். நானும் பழகிக்கொண்டேன். மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கி, வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டேன். இடுப்பில் லேசாகப் பிடித்தாலே ஒன்று போட்டுக்கொள்வது. வெறும் வயிற்றில், வெயிலில், தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் போட்டுக்கொள்வது.

ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் வாழைத்தண்டு சாறு குடி என்றார். இன்னொருத்தர் சிறுபீளை, நெருஞ்சில் போட்டுக் கஷாயம் வை என்றார். என் மச்சான் ஒருத்தன், "மாமா, ரெண்டு பீர் அடிச்சீங்கன்னா கல்லு தானா வந்து விழுந்துடும்" என்றான். அதையும் செய்து பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் திருநாவலூர் சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த ஊர். பண்ருட்டிப் பக்கம் போனால் திருவதிகை. சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர், தமக்கை திலகவதியார் கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு, அந்தத் தலத்தில் பாடி நோய் நீங்கப் பெற்றார் என்று பெரியபுராணம் சொல்கிறது. நானும் திருவதிகைக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தேன். மனசுக்குத் தைரியமாக இருந்தது. அந்தத் தைரியத்தோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகாதே என்று சாமி சொல்லவில்லை. நான்தான் போகவில்லை.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பிறகு வலி வருவது நின்றுவிட்டது. மூன்று மாதம் பார்த்தேன், ஆறு மாதம் பார்த்தேன். வலியே இல்லை. வாழைத்தண்டில் கல் கரைந்துவிட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பார்க்கிறவர்களுக்கெல்லாம் அந்த வைத்தியத்தைச் சொல்லவும் ஆரம்பித்தேன்.

நேயர்களே, நான் செய்த பெரிய தப்பு இதுதான்.

மடையும் மோட்டாரும்

வலி இல்லாமல் ஒன்றரை வருஷம் போனது. எங்கள் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் என்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வந்தவர்கள், எனக்கு அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்கு முன்னாடி இடுப்பு வலி ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டார்.

"வந்துச்சும்மா. இப்ப ஒன்றரை வருஷமா இல்லை. வாழைத்தண்டு சாப்பிட்டுச் சரியாப் போச்சு" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை எடுத்தேன். இடது சிறுநீரகத்திலிருந்து இறங்குகிற குழாயின் மேல்பகுதியில் 12 மில்லிமீட்டர் கல், ஒரு மல்லாட்டைப் பயறு அளவு, குறுக்கே உட்கார்ந்திருந்தது. மேலே சிறுநீரகம் தண்ணீர் கோத்து வீங்கி, அதன் சதை மெலிந்து போயிருந்தது.

நான் நம்பவில்லை. "வலியே இல்லையேம்மா?" என்றேன்.

அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை நம்ம பாஷையில் சொல்கிறேன். வாய்க்காலில் ஒரு மடை அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். மேலே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் போக வழியில்லாமல் முட்டும், கரையைத் தள்ளும். அந்த முட்டல்தான் வலி. கல் குத்துவதால் மட்டும் வருகிற வலி அல்ல அது. அடைப்புக்குப் பின்னால் சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் உப்பி, குழாய் கல்லைத் தள்ளப் பார்த்து இறுகி இறுகிப் பிடிப்பதால் வருகிற வலி. சரி, கொஞ்ச நேரம் கழித்துக் கரையில் முட்டல் நின்றுவிட்டது. என்ன அர்த்தம்? மடை திறந்துகொண்டது என்றும் இருக்கலாம். அடைப்பு அப்படியே இருக்க, மேலே மோட்டார் ஓய்ந்து போயிருக்கவும் கூடும். கரையில் நின்று பார்க்கிறவனுக்கு ரெண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

என் விஷயத்தில் மோட்டார் ஓய்ந்துகொண்டிருந்தது. நான் மடை திறந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீர்ப்பாதை வழியாக மெல்லிய கருவியை விட்டு, லேசர் ஒளியால் கல்லைப் பொடித்து எடுத்தார்கள். வெளியே கத்தி படவே இல்லை. ஆனால் பிறகு எடுத்த சோதனையில் என் இடது சிறுநீரகம் கால் பங்குதான் வேலை செய்கிறது என்று தெரிந்தது. போன முக்கால் பங்கு இனி திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் சீட்டை மடித்துப் பையில் வைக்காமல் அன்றே போயிருந்தால் இந்த நஷ்டம் வந்திருக்காது.

கல் எப்படி உண்டாகிறது?

நம்மில் பலர் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்திருப்போம். கரும்புச் சாறு கொப்பரையில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் சுண்டுகிறது. தண்ணீர் சுண்டச் சுண்ட, சாற்றில் கரைந்திருந்த சர்க்கரை மணி மணியாகத் திரள்கிறது. நம் உடம்பிலும் இதுதான் நடக்கிறது. சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து, ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்ற உப்புகள் கரைந்திருக்கின்றன. வெயிலில் கடுமையாக உழைக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வேர்வையாகப் போய்விடும். குடிக்கிற தண்ணீர் குறைவு. அப்போது சிறுநீர் சுண்டுகிறது, உப்பு மணியாகிறது, மணி சேர்ந்து கல்லாகிறது. பெரும்பாலான கற்கள் சுண்ணாம்பும் ஆக்சலேட்டும் சேர்ந்தவை. யூரிக் அமிலக் கல், நீர்ப்பாதையில் கிருமி தங்குவதால் வருகிற கல் என்று வேறு வகைகளும் உண்டு.

சிறுநீரகத்திலிருந்து நீர்ப்பைக்கு இறங்குகிற குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளம். உள்ளே வழி மூன்று நாலு மில்லிமீட்டர்தான். கல் சிறுநீரகத்துக்குள் இருக்கிற வரைக்கும் பல சமயம் தொந்தரவே தெரியாது. குழாயில் இறங்கும்போதுதான் வலி. பச்சைப் பயறு அளவு, அதாவது நாலைந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். அதற்குச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம். 10ஐத் தாண்டினால் தானாக வருவது அபூர்வம்.

வெயிலுக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பை நம் பக்கத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள், தென்னிந்தியாவில் ஒரு எஃகு ஆலைத் தொழிலாளர்களில் 91 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 27 பேருக்குக் கல் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கடும் சூட்டில் நின்று வேலை செய்கிறவர்கள். எஃகு உலைக்கும் சித்திரை மாதத்து வயலுக்கும் ரொம்ப வித்தியாசம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா?

வலி வந்தால் என்ன செய்வது?

முதலில், கல் வலி வரும்போது குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கல்லைத் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அடைத்திருக்கிற மடையில் மேலும் தண்ணீர் விட்டால் முட்டல்தான் கூடும். தாகத்துக்குக் குடித்தால் போதும். நிறையத் தண்ணீர் குடிப்பது கல் வராமல் தடுப்பதற்கு. வலி நேரத்து வைத்தியம் அல்ல அது.

இடுப்பில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், இதமாக இருக்கும். வலிக்கு ஊசியோ மாத்திரையோ டாக்டர் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதில் ஒரு பெருமையும் இல்லை. ஆனால் அந்த மாத்திரையை நீங்களாகவே மாதக்கணக்கில் வாங்கிப் போடாதீர்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் அடிக்கடி வலி மாத்திரை போடுவது சிறுநீரகத்தையே கெடுக்கும். வயிற்றில் புண்ணும் உண்டாக்கும். நான் ஒரு பக்கம் அடைப்பு, இன்னொரு பக்கம் மாத்திரை என்று ரெண்டு வழியிலும் கெடுத்துக்கொண்டவன்.

சில அடையாளங்கள் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கல் வலியோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், அடைத்த சிறுநீரகத்தில் சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம். அது சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நீர் அடியோடு நின்றுவிட்டாலும், வாந்தி நிற்காமல் போனாலும், ஒரே சிறுநீரகம் உள்ளவராக இருந்தாலும், கர்ப்பிணிக்கு இந்த வலி வந்தாலும், சர்க்கரை வியாதிக்காரருக்குக் காய்ச்சலோடு வந்தாலும், ராத்திரி எத்தனை மணியானாலும் 108க்குப் போன் செய்யுங்கள்.

வலி அடங்கிய பிறகு ஸ்கேன் எடுங்கள். வயிற்றில் பசை தடவிப் பார்க்கிற சாதாரண ஸ்கேனிலேயே சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். குழாயின் நடுவில் உள்ள கல் அதில் சில சமயம் தப்பிவிடும். அப்போது டாக்டர் சி.டி. ஸ்கேன் கேட்பார். சின்னக் கல், தானாக வந்துவிடும் என்று சொன்னால், நீரைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். கல் விழுந்தால் தூக்கி எறியாமல் டாக்டரிடம் கொடுங்கள். எந்த வகைக் கல் என்று தெரிந்தால் எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்கலாம் என்று சொல்ல முடியும். யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் மருந்தாலேயே கரைக்கவும் வழி உண்டு.

கல் விழுந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், டாக்டர் சொன்ன தேதியில், தள்ளிப் போனாலும் ஒரு மாதத்துக்குள், மறுபடி ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும். நான் இந்தப் பேச்சில் சொல்ல வந்ததே இந்த ஒரு வார்த்தைதான். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பயப்பட வேண்டிய காலம் இல்லை

முன்பெல்லாம் கல் என்றால் பெரிய அறுவைதான். நம் நாட்டில் சுசுருதர் பெயரில் வழங்குகிற பழைய வைத்திய நூலிலேயே நீர்ப்பைக் கல்லை அறுத்து எடுக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. எப்பேர்ப்பட்ட வலியைத் தாங்கியிருப்பார்கள் அந்தக் காலத்து மக்கள்! இன்றைக்கு அப்படி இல்லை. ஜெர்மனியில் ஆகாய விமானம் செய்கிற ஒரு கம்பெனிக்காரர்கள், வேகமாகப் பறக்கிற விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சியில் கிடைத்த அதிர்வலை அறிவை வைத்து, உடம்புக்கு வெளியிலிருந்தே கல்லை உடைக்கிற இயந்திரத்தைச் செய்தார்கள். 1980இல் மியூனிக் நகரத்தில் முதல் நோயாளிக்கு அப்படி உடைத்தார்கள். இப்போது அந்த முறையும், எனக்குச் செய்தது மாதிரி நீர்ப்பாதை வழியாகப் பொடிப்பதும், பெரிய கல்லானால் முதுகில் சின்னத் துளை போட்டு எடுப்பதும் தமிழ்நாட்டிலேயே நடக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சைகள் சேர்ந்திருக்கின்றன. தகுதியுள்ள குடும்பத்தார் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். 2022 முதல் நம் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பக்கம் முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் இருக்கின்றன.

இன்னும் ஒரு எச்சரிக்கை. கல்லை எடுத்த பிறகு, நீர் தடையில்லாமல் இறங்குவதற்காக உள்ளே ஒரு மெல்லிய குழாயை வைத்து அனுப்புவார்கள். ஸ்டென்ட் என்பார்கள். அதைக் குறிப்பிட்ட நாளில் திரும்பிப் போய் எடுத்துவிட வேண்டும். சும்மா இருக்கிறதே என்று விட்டுவிட்டால் அதன் மேலேயே உப்புப் படிந்து இன்னொரு கல்லாகிவிடும். எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வைத்தாள் என் வீட்டுக்காரி. நெல் அறுப்பு நடுவில் வந்தது அந்த நாள். "அறுப்பை நான் பாத்துக்குறேன், நீங்க பஸ் ஏறுங்க" என்று துரத்திவிட்டாள்.

சாப்பாடும் தண்ணீரும்

கல் ஒரு தடவை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து வருஷத்துக்குள் மறுபடியும் வருகிறது. ஆகவே எடுத்தாயிற்று என்று சும்மா இருக்க முடியாது.

பாலும் தயிரும் மோரும் சாப்பிட்டால் சுண்ணாம்பு சேர்ந்து கல் வரும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. சாப்பாட்டோடு சேர்ந்து வருகிற சுண்ணாம்புச் சத்து, கீரையில் உள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளிவிடும். பாலை நிறுத்தினால் ஆக்சலேட் ரத்தத்தில் ஏறும். ஆகவே கீரைக் கடைசல் சாப்பிடுகிற அன்று மோரும் ஊற்றிக்கொள்ளுங்கள். பசலை, முளைக்கீரை போன்றவற்றைத் தினமும் தட்டு நிறைய வேண்டாம், அவ்வளவுதான். மல்லாட்டையும் அப்படியே. கொல்லையில் விளைகிறதே என்று படிக்கணக்கில் கொறிக்கக் கூடாது. தக்காளி விதைதான் கல்லாகிறது என்பது வீண் பேச்சு.

குறைக்க வேண்டியது உப்பு. ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடையில் விற்கிற நொறுக்குத் தீனி எல்லாம் உப்புதான். உப்பு கூடினால் சிறுநீரில் சுண்ணாம்பும் கூடும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறிய கரண்டி உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கறி, மீனை அளவோடு சாப்பிடுங்கள். எலுமிச்சம்பழச் சாறு நல்லது. அதிலுள்ள சிட்ரேட் கல் திரளாமல் தடுக்கும். சர்க்கரையும் உப்பும் அள்ளிப் போடாமல் குடியுங்கள்.

வாழைத்தண்டு நல்ல காய்கறிதான், பொரியல் செய்து சாப்பிடுங்கள். சிறுபீளை நாம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற மங்கலச் செடி. சித்த வைத்தியத்திலும் அதற்கு இடம் உண்டு. அதில் நம்பிக்கை உள்ளவர்கள் அரசு ஆஸ்பத்திரிச் சித்த மருத்துவரிடம் கேட்டே சாப்பிடுங்கள். ஆனால் குழாயை அடைத்துவிட்ட பெரிய கல்லை எந்தக் கஷாயமும் கரைத்துவிடும் என்று நம்பி நாளைக் கடத்தாதீர்கள். பீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாராயமும் பீரும் உடம்பில் உள்ள நீரை வற்றச் செய்யும். பீர் யூரிக் அமிலத்தையும் கூட்டும்.

தண்ணீர்தான் முக்கியமான மருந்து. ஒரு நாளைக்கு ரெண்டு, ரெண்டரை லிட்டர் சிறுநீர் பிரிய வேண்டும். அதற்குச் சாதாரண நாளில் 3 லிட்டராவது குடிக்க வேண்டும்; வெயில் வேலை நாளில் இன்னும் கூடும். லிட்டர்க் கணக்கெல்லாம் நம்மால் முடியாது என்றால் நீரின் நிறத்தைப் பாருங்கள். வடித்த கஞ்சித் தெளிவு மாதிரி வெளுப்பாக இருந்தால் சரி. மஞ்சளாக, டீத் தண்ணி மாதிரி இருந்தால் உடனே ஒரு சொம்பு குடியுங்கள். நீராகாரம், நீர்மோர் எல்லாம் கணக்கில் சேரும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று குடிப்பதையே குறைத்துவிடாதீர்கள். குடிக்காமல் இருப்பதுதான் பெரிய கெடுதல். இதயக் கோளாறோ சிறுநீரகச் செயலிழப்போ இருப்பவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரி நடவுக்குப் போகிறவள். எனக்கு வந்ததைப் பார்த்த பிறகு ஒரு நாள் அவளிடம், "நீயும் தண்ணி குடிக்கிறதில்லையே, ஏன்?" என்று கேட்டேன். "குடிச்சா எங்கேங்க போறது? சுத்தி ஆம்பளைங்க. வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கித்தான் வெச்சிக்கணும்" என்றாள். முப்பது வருஷமாக ஒரே வயலில் வேலை செய்கிறோம், எனக்கு இது தெரியவில்லை. இப்போது எங்கள் கொல்லை மூலையில் நாலு கழி நட்டு, கீற்று கட்டி ஒரு மறைவு வைத்திருக்கிறேன். பத்து நிமிஷ வேலை. நடவாட்கள் வருகிற அன்று வரப்பில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு பானை மோரும் வைத்துவிடுகிறேன். ஆள் வைத்து வேலை வாங்குகிற ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நிறைவாக

இன்றைக்கு நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்கள். கொல்லைக்குப் போகிறேன், வருகிறேன். விடிகாலையில் கிளம்பும்போதே ரெண்டு சொம்பு குடித்துவிடுகிறேன். வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் நானும் குடிக்கிறேன். மாட்டுக்கு நேரம் தவறாமல் தண்ணீர் காட்டுகிறவன் தன்னை மறந்துவிடக் கூடாது அல்லவா? ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், ரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை. வலது சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இனி அது ஒன்றைத்தான் நம்பி இருக்கிறேன். இடுப்பில் லேசாகப் பிடித்தால் இப்போதும் பயம் வரும். ஆனால் மாத்திரையைத் தேடி வெற்றிலைப் பைக்குள் கை போவதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கிறேன்.

உங்களில் யாருக்காவது எப்போதோ கல் வலி வந்து, தானாக நின்று, ஸ்கேன் எடுக்காமல் விட்டிருந்தால், அந்தப் பழைய சீட்டைத் தேடிப் பாருங்கள். சீட்டு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த வாரமே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வாருங்கள். மடை திறந்திருக்கிறதா, மோட்டார் ஓய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்.